இடப்பக்கம் பார்க்கும் முகம்

எங்கள் கடலோர ஊரான தோர்ரே தெல் கிரெக்கோவில் ஒருவர் செத்துப்போனால் அதோடு காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியாது. மண்ணில் போட்டு, சில வருஷம் கழித்துத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆள் நன்றாகக் காய்ந்திருந்தால் எலும்பைச் சாராயம் தொட்டுத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துச் சுவர் மாடத்தில் ஏற்றுவார்கள். காயவில்லையென்றால் மறுபடியும் மண்தான். அது வீட்டுக்குப் பெரிய தலைகுனிவு. ஆத்துமாவுக்கு என்ன குறை வைத்தார்களோ என்று ஊர் கேட்கும். ஊர் என்றால் வேறு யார், நாங்கள்தான்.

அதனால் செதுக்குக்காரன் காத்தெல்லோவைத் தோண்டுகிற அன்று காலை எங்கள் சந்தில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். எர்மெலிண்டாவுக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டோம்.

எர்மெலிண்டா காத்தெல்லோவின் விதவை. ஐம்பதைத் தாண்டியும் கருப்பு உடுப்பில் எடுப்பாக இருந்தவள். அந்தத் துக்க உடுப்பைக் கழற்றும் நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பவள வியாபாரி டோன் சவேரியோ மனைவியை இழந்தவர், தலைக்குச் சாயம் பூசுகிறவர். எலும்பு மாடம் ஏறட்டும், செப்டம்பரில் கோவிலில் கை பிடிக்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இது யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம். ஆகவே மீன்கார அம்மாவிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் எர்மெலிண்டாவின் நெஞ்சில் ஒரு முள். கெட்ட புருஷன் என்றால் மறந்துவிட்டுப் போவது சுலபம். காத்தெல்லோ அடித்ததில்லை, குடித்து விழுந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சட்டையை அவனே தேய்த்துக்கொள்வான். அவன்மேல் சொல்ல அவளிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. சிப்பியில் ஆயிரக்கணக்கான பெண் முகங்களைச் செதுக்கினான், அவள் முகத்தை மட்டும் செதுக்கவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டாள். “தினம் பாக்குற முகம்தானடி, எங்க ஓடிப்போகப் போகுது? நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பான். நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு நாள் பட்டறை மேசையில் தலையைச் சாய்த்துவிட்டான்.

வெட்டியான் மூடியை நெம்பினான். ஆள் கருவாடு மாதிரி காய்ந்திருந்தான். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

“பாத்தியா, என்ன மரியாதையா காஞ்சிருக்கார்!” என்றாள் எதிர்வீட்டு நுன்சியா. பாராட்டில் அவள் குறை வைக்க மாட்டாள். குறை சொல்வதிலும்தான். அடுத்த மூச்சிலேயே, “ஏய், மோதிரம் எங்கடா?” என்று வெட்டியானைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாண மோதிரத்தோடதான அடக்கம் பண்ணோம்? நானே பாத்தேனே!”

“அம்மா, நீங்க நிக்கிறப்பத்தான மூடியத் தொறந்தேன். என்னத்த நான் எடுத்தேன்?”

அவன் சொன்னதும் நியாயம்தான். இடக்கை விரலில் மோதிரம் இல்லை. வலக்கை மார்பின்மேல் விரிந்து கிடந்தது. காத்தெல்லோ எல்லாவற்றுக்கும் பயன்படுத்திய இடக்கையோ இறுக மூடியிருந்தது. மார்பு முழுக்க வெள்ளைப் பொடி. எலும்பு உதிர்ந்த பொடி என்று சொல்லி வெட்டியான் தூரிகையால் தட்டிவிட்டான். சட்டைப் பையில் அவனுடைய ஊசி உளி இருந்தது. அடக்கத்தன்று எர்மெலிண்டா தன் கையாலேயே வைத்தது, புத்தம் புதிது, விரல் நீளம். இப்போது எடுத்துப் பார்த்தால் நகம் அளவுக்குத் தேய்ந்துபோன துண்டு.

“துரு தின்னுடுச்சு” என்றான் வெட்டியான்.

துருவே இல்லை. முனை பளபளவென்றிருந்தது. அதை எர்மெலிண்டா மட்டும் கவனித்தாள்.

பிறகு மூடிய கையை விரித்தார்கள். உள்ளே ஒரு மோதிரம். கல்யாண மோதிரம் அல்ல, பெண் போடுகிற கேமியோ மோதிரம். தங்கக் கட்டுக்குள் பழுப்புச் சிப்பி, அதன்மேல் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். கழுத்தில் மாலை. செதுக்கும்போது சிப்பியைக் கோலில் ஒட்டவைக்கிற கருப்பு அரக்கு வளையத்தின் உட்புறம் முழுக்க அப்பியிருந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம்.

பெட்டியை மூடியவள் எர்மெலிண்டாதான். ஆனால் அடக்கத்தன்று கூட்டம் அதிகம், குனிந்து முத்தம் கொடுத்தவர்களும் அதிகம். யாரோ ஒருத்தி குனிந்த சாக்கில் கைக்குள் திணித்திருக்கிறாள் என்று எங்கள் சந்து ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது. காத்தெல்லோவுக்கு ஒரு கள்ளக்காதலி! எர்மெலிண்டா கைக்குட்டையில் முகம் புதைத்தாள். பாவம், அழுகிறாள் என்று தோளைத் தடவினோம். அழவில்லை. அவளுக்கு நெஞ்சிலிருந்து முள் கழன்று விழுந்தது. துரோகம் செய்தவனுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்? செப்டம்பரில் நிம்மதியாகக் கை பிடிக்கலாம். அன்று சாயங்காலமே கோவிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். தன் புருஷன் யோக்கியமாக இருந்திருக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்ட பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீட்டுக்கு வந்து, எலும்பு துடைத்த துணியைத் துவைக்க எடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியது. எலும்பு வாசனை இல்லை. தீய்ந்த முடியும் கடல் சேறும் கலந்த வாசனை, சிப்பியை அறுத்தால் வருமே, அது. காத்தெல்லோவின் சட்டைகளிலிருந்து முப்பது வருஷமாக அவள் உதறிய பொடியின் வாசனை. துணியைப் பால்கனியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த சில நாட்கள் எங்கள் சந்தில் ஒரு பெண்ணாலும் நேராக முகம் காட்டி நடக்க முடியவில்லை. “கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு” என்று நிறுத்தி மூக்கை அளந்தார்கள். ரொட்டிக்கடை வித்தோரியாவின் மூக்கு கொஞ்சம் ஒத்துப்போனது. அவள் மூன்று தேவாலயப் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தாள். நுன்சியா தானாகவே வந்து திரும்பிக் காட்டினாள்.

“என் மூக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்குடி.”

“ஒன் மூக்கச் செதுக்கணும்னா சிப்பி பத்தாதுடி, திமிங்கலம் வேணும்” என்றாள் வித்தோரியா.

யார் முகம் என்று தெரியாவிட்டால் மோதிரத்தின் வயதையாவது தெரிந்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு முந்தைய மோதிரமென்றால் பழைய பைத்தியம், மன்னிக்கலாம். பிந்தையதென்றால் துரோகம், செப்டம்பர். எர்மெலிண்டா பிந்தையதற்கு வேண்டிக்கொண்டே பழநகைக்கடை டோன் எவரிஸ்தோவிடம் போனாள். டோன் சவேரியோவும் கூட வந்தார், வரப்போகும் புருஷன் என்ற உரிமை. நுன்சியாவும் வந்தாள், அவளுக்கு எங்கேயும் போக உரிமை தேவைப்பட்டதில்லை.

டோன் எவரிஸ்தோ லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார். அந்த லென்ஸ் இல்லாமல் அவர் காப்பிகூடக் குடிப்பதில்லை.

“பழசு” என்றார் எடுத்த எடுப்பில். “மூக்கப் பாருங்க, நேரா எறங்குது. இப்ப இருக்கிறவனுங்க சினிமாக்காரி மாதிரி நுனியத் தூக்கித்தான் வெட்டுறானுங்க. கழுத்துல பாத்தீங்களா, நகை? செதுக்கின முகத்துக்கே நகை பூட்டி அழகு பாக்குறது எங்க பாட்டன் காலத்து மோஸ்தர். எண்பது வருஷத்துக்குக் கொறையாது.”

எர்மெலிண்டாவின் முகம் வாடியது. நுன்சியாவின் முகம் மலர்ந்தது.

“அப்போ எவளோ குடும்பச் சொத்தையே கழட்டிக் குடுத்திருக்கா! அவ்வளவு ஆசை!”

“ஆனா அது எடப்பக்கம் பாக்குதே” என்றாள் எர்மெலிண்டா.

எங்கள் ஊரில் செதுக்குகிற முகமெல்லாம் வலப்பக்கம் பார்க்கும். காத்தெல்லோ இடக்கைக்காரன், அவன் கைக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம்தான் வரும். விற்காது விற்காது என்று முதலாளிகள் அவனைத் திட்டாத நாளில்லை.

“அந்தக் காலத்துலயும் ஒரு எடக்கைக்காரன் இருந்திருப்பான்” என்று டோன் எவரிஸ்தோ அதைத் தள்ளிவிட்டார். சிப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “எண்பது வருஷத்துச் சிப்பியில மயிரிழையா வெடிப்பு ஓடும்... ம்... இதுல ஒண்ணும் காணோம்.”

“அப்போ புதுசா?”

“பத்திரமா வச்சிருக்காங்கம்மா! பழசுன்னா பழசுதான்.” தான் சொன்னதைத் தானே மறுக்க அவருக்குப் பழக்கமில்லை. “உள்ள முத்திரை இருக்கும், பாத்துடுவோம்.” வளையத்தின் அரக்கைச் சாராயத்தில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். “இந்த அரக்கு இன்னும் கொழகொழன்னு இருக்கே. நேத்து வச்ச மாதிரி.”

சிரித்தார்.

அரக்கு போனதும் எழுத்துகள் வந்தன. முத்திரை அல்ல. ‘எர்மெலிண்டா’ என்று ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தேதி. அவள் கல்யாணத் தேதி.

டோன் எவரிஸ்தோ லென்ஸைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பெட்டியில் காணாமல்போன கல்யாண மோதிரம் அதுதான். வளையத்தை ஒரு பக்கம் வெட்டி, அகட்டி, கேமியோவுக்குக் கட்டாக விரித்திருந்தது. பற்றவைத்த தடம் இல்லை, சுத்தியல் பட்ட தடமும் இல்லை. ரொட்டி மாவை அமுக்குவதுபோல அமுக்கியிருந்தது. தங்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

“இத... இத எந்தத் தட்டான் செஞ்சான்னு தெரியலையே” என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

எர்மெலிண்டா லென்ஸுக்குக் கை நீட்டினாள்.

முதலில் காதைப் பார்த்தாள். இடது காதின் மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவள் கை தானாகத் தன் காதுக்குப் போனது. காத்தெல்லோ போன மறுவருஷம், சந்தையில் ஸ்கூட்டரில் வந்த போக்கிரிகள் தொங்கட்டானைப் பிடுங்கிக்கொண்டு போன காது. அந்த ரத்தத்தை எங்கள் சந்து முழுக்கப் பார்த்தது. காத்தெல்லோ பார்க்கவில்லை. அவன் அப்போது மண்ணுக்குள் இருந்தான்.

பிறகு மாலையைப் பார்த்தாள். பவள மணிகள், உருண்டை உருண்டையாக. நடுவில் ஒரு மணி மட்டும் ஒருபக்கம் நசுங்கியிருந்தது.

அந்த மாலையை அவள் வெளியே போட்டதே இல்லை. இந்த வருஷம் குருத்து ஞாயிறன்று டோன் சவேரியோ கொடுத்தது. கடையில் விலைபோகாத நசுங்கல் மணியைக் கோத்துத் தலையில் கட்டிவிட்டார் என்று அவளுக்கும் புரிந்துதான் இருந்தது. கருப்பு உடுப்புக்குமேல் போட முடியாது. ஒரே ஒரு முறை, அறைக்குள், ஜன்னல் கதவையெல்லாம் சாத்திக்கொண்டு, கண்ணாடிமுன் நின்று போட்டுப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பி, கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அப்போது அறையில் யாரும் இல்லை.

லென்ஸை டோன் சவேரியோவிடம் கொடுத்தாள். அவர் குனிந்தார். மூக்கு, காது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பவளம்தான் பட்டது. வியாபாரி தன் சரக்கை மறப்பானா?

“அது என்னோட மணி” என்றார். கை பாக்கெட்டுக்குள் போய்க் கண்ணேறு படாமலிருக்க வைத்திருந்த கொம்புத் தாயத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. “எர்மெலிண்டா, இத இப்பவே படகுல கொண்டுபோய்க் கடல்ல போட்டுடு. நான் ஆள் அனுப்புறேன். போட்டுட்டா செப்டம்பர்ல கல்யாணம், சொன்ன சொல்லு மாறமாட்டேன். இது வீட்ல இருந்தா நான் வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

“சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்” என்றாள் அவள்.

சனிக்கிழமைதான் கொத்தன் வந்து மாடத்துக்குச் சலவைக்கல் வைத்து மூடப்போகிறான்.

நுன்சியா எங்களிடம் அதை எப்படிச் சொன்னாள் என்று கேட்கவே வேண்டாம். சொன்ன மாலையே எங்கள் சந்தில் பாதிப்பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாற்றுவதை விட்டுவிட்டோம். சாத்தி என்ன பயன்?

எர்மெலிண்டா மோதிரத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயமாக இருந்தது. கடலில் போட்டுவிடு என்று புத்தி சொன்னது. போட்டுவிட்டால் கருப்பு போய்விடும், சமையலறையில் இரண்டு தட்டு வரும், குளிர்காலத்தில் பேச ஒரு குரல் இருக்கும். அவளுக்கு அதெல்லாம் வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. டோன் சவேரியோ மாலையைக் கொடுத்தபோது மாலையைத்தான் பார்த்தார். லென்ஸ் வழியாகப் பார்த்தபோதும் மாலையைத்தான் பார்த்தார். கழுத்துக்குமேல் ஒரு முகம் இருந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கோ, உதட்டோரச் சுருக்கம் வரை அவள்தான். கிழிந்த காது, கோபம் வந்தால் இறங்குகிற இடது புருவம், கழுத்தின் தொங்கல் எல்லாம் இருந்தன. யாரும் இப்படி அவளைப் பார்த்ததில்லை. அவளே பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தாள், கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் வழவழப்பு. செதுக்குக்காரர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதற்குள் உளி தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எர்மெலிண்டா பட்டறைத் தெருவில் நின்று ஒரு புது ஊசி உளி வாங்கினாள். கல்லறைத் தோட்டத்தில் நுன்சியா சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததால்தான் மற்றது நமக்குத் தெரிகிறது. எர்மெலிண்டா மாடத்தில் இருந்த தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். பூ வைக்கிறாளாக்கும் என்று கொத்தன் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

“முப்பது வருஷமாக் கேட்டேன்” என்று எலும்போடு சண்டை போட்டாள். “அப்பல்லாம் நாளைக்கு, நாளைக்கு. மண்ணுக்குள்ள போனப்புறந்தான் ஒனக்கு நேரம் கெடச்சுதா? அதுவும் காதக் கிழிச்சு வச்சிருக்க. இதப் போட்டுக்கிட்டு நான் எப்படிக் கோயிலுக்குப் போவேன்? ஊரு சிரிக்காது? காத ஒழுங்காச் சேத்துக் குடு. பவளத்த எடுத்துடு, அது எனக்கு வேணாம். அப்புறம் கண்ணத் தெற.”

மோதிரத்தையும் உளியையும் துணிக்குள் செருகினாள். கொத்தன் சலவைக்கல்லை ஏற்றி மூடினான். டோன் சவேரியோவின் மாலை அன்றே ஒரு காகிதப் பையில் அவர் கடைக்குத் திரும்பிப் போனது. அவர் மணிகளை எண்ணி வாங்கிக்கொண்டார், நசுங்கல் உட்பட.

கோடை போயிற்று. எர்மெலிண்டா கருப்பு உடுப்பைக் கழற்றவில்லை. கல்லறைச் சுவர்ப் பக்கம் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்கிறது என்று பூக்காரி சொன்னாள். எலி என்றோம். கல்லுக்குக் கீழே வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கிறது என்றாள். சிமெண்ட் என்றோம்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு ஒருநாள் நுன்சியா தன் பால்கனியிலிருந்து காய்கறிக்காரனுக்குக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப் பால்கனியில் எர்மெலிண்டா நின்றிருந்தாள். பக்கவாட்டில், இடப்பக்கம் பார்த்தபடி. நுன்சியாவின் கையிலிருந்து கயிறு நழுவிக் கூடை போய்க் காய்கறிக்காரன் தலையில் விழுந்தது. எர்மெலிண்டாவின் காது முழுசாக இருந்தது. கிழிசல் இல்லை, தையல் இல்லை, தழும்பில்லை. முகம்கூட முன்னைவிட வெளுத்து, வழவழவென்று இருந்தது.

“எர்மெலிண்டா! ஏடி, ஒன் காது!”

“ம்.”

“இந்தப் பக்கம் திரும்புடி! மூஞ்சியக் காட்டு!”

“முடியாது” என்றாள் எர்மெலிண்டா, உதடு அசையாமல். “கண்ணு வேலை நடக்குது. அசையாம நிக்கச் சொல்லியிருக்கார்.”